பீர்க்கம்பந்தலில் தம் கொள்கையையே திருத்தி எழுதிய பேராசிரியை ரோசம்மாள் அம்மையாருக்கு

திருச்சிராப்பள்ளியில் எங்கள் மகளிர் கல்லூரியின் தாவரவியல் துறைத் தலைவராய் விளங்கி, இந்த 1964ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பணி ஓய்வு பெறும் பேராசிரியை ரோசம்மாள் பாக்கியநாதன் அவர்களுக்கு, உடன் பணிபுரிந்த ஆசிரியைகள் யாவரும் ஒன்றுகூடி, இன்னும் திகைப்பு நீங்காத நெஞ்சத்தோடு வாசித்தளிக்கும் மடல்.

அம்மையீர்!

பூவரசின் இலையடியில் ஊறும் தேன்துளியைப் புவியோர் கண்ணுக்குப் புலப்படுத்திய புலமையே! எறும்புக்கும் இலைக்கும் இடையே இருக்கும் ஏற்பாட்டை ஏட்டில் ஏற்றிய எங்கள் ஏற்றமே! காவிரிக் கரையின் காற்றிலும் கத்திரி வெயிலிலும் கால் சோராது நடந்து, கல்வியைக் கட்டடத்துக்குள் கட்டிப்போடாத கண்மணியே! முப்பது ஆண்டுகள் எங்களை அதட்டியும் அரவணைத்தும் நடத்திவிட்டு, கடைசி மாதத்தில் எங்கள் அனைவரையும் வாயடைத்து நிற்கச் செய்த துணிவின் வடிவே! வணக்கம்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். தங்களுக்காக நாங்கள் எழுதிய மடல் இதுவன்று. முதல் மடல் ஒன்று இருந்தது. தெப்பக்குளத்துக்கு அருகிலுள்ள அச்சகத்தில் எழுத்துக் கோத்து, ஓரத்தில் பூவேலை வைத்து, அச்சுக்கு ஆயத்தமாகவும் இருந்தது. அதன் இரண்டாம் பத்தியில், “மறுக்கவொண்ணாத கொள்கையை மாநிலத்தில் நிலைநாட்டிய மாதரசி” என்று தங்களை வாழ்த்தியிருந்தோம். அந்தக் கொள்கையை மறுப்பதற்கு ஒருவர் வந்தார். மேடையேறினார். அரை மணி நேரத்தில் மறுத்தும் முடித்தார். அவர் பெயரும் ரோசம்மாள் பாக்கியநாதன் என்றே இருந்தது. அச்சுக் கோத்தவரிடம் எழுத்துகளைக் கலைக்கச் சொன்னபோது, “என்னங்க, அந்தம்மா தவறிட்டாங்களா?” என்று அவர் பதறிக் கேட்டார். “இல்லீங்க, நல்லாத்தான் இருக்காங்க. நாங்கதான் இன்னும் எந்திரிக்கல” என்று எங்களில் ஒருவர் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

ஆகவே இந்த இரண்டாம் மடல். நடந்ததை நடந்தபடி சொல்வதைத் தவிர வேறு புகழ் தங்களுக்குத் தேவையில்லை என்று துணிந்து இதை எழுதுகிறோம்.

தாங்கள் இக்கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த 1934ஆம் ஆண்டில், அறிவியல் பயின்ற பெண்ணை ஊர் ஒரு விந்தையாகப் பார்த்தது. தாங்களோ ஊரைப் பார்க்க நேரமின்றி எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திருவானைக்காவல் சாலையோரத்தில் ஒரு பூவரசின் அடியில் தாங்கள் மண்டியிட்டிருந்ததைக் கண்ட பெரியவர் ஒருவர், “தோடு தொலைஞ்சு போச்சாம்மா?” என்று தாமும் குனிந்து தேடத் தொடங்கியதும், “இல்லீங்க, இந்த எறும்பு எங்க போவுதுன்னு பார்க்கிறேன்” என்று தாங்கள் சொன்னதும், அவர் மெல்லப் பின்வாங்கி நடையைக் கட்டியதும், முதுநிலை ஆசிரியைகள் புதியவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லும் கதை.

அந்த எறும்பு எங்கே போனது என்று தாங்கள் கண்டுபிடித்தீர்கள். பூவரசின் இலை நரம்பிலும், ஆமணக்கின் இலைக்காம்பிலும், பீர்க்கின் இலையிலும், பூவுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் செடி தேனைச் சுரக்கிறது. அந்தத் தேனுக்கு எறும்பு வருகிறது. வந்த எறும்பு, இலையைத் தின்ன வரும் புழுவையும் வண்டையும் விரட்டியடிக்கிறது. “செடி காவலுக்கு ஆள் வெச்சிருக்குடி. கூலி தேன்” என்று வகுப்பில் தாங்கள் சொன்னதைக் கேட்ட மாணவியர் இன்று பாட்டிமாராய் இருந்தாலும் அதை மறக்கவில்லை. 1952இல் தங்கள் கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்தும் பாராட்டு வந்தது. எறும்பேறும் கொடி நன்கு விளையும் என்பது பாடநூலுக்குள்ளும் ஏறியது.

தாங்கள் அதோடு அமைந்துவிடவில்லை. காய்கறிப் பந்தல்களில் எறும்பைக் கொல்ல விஷப்பொடி தூவும் பழக்கம் பரவிய அந்நாளில், பஸ் ஏறி, முசிறிப் படுகை முதல் வையம்பட்டிக் கொல்லைகள் வரை ஊர் ஊராய்ப் போனீர்கள். “பொடி போடாதீங்க. எறும்பை விடுங்க. அது உங்க கொடிக்குக் காவல்” என்று சொன்னீர்கள். மக்கள் கேட்டார்கள். பொடியை விட்டார்கள். எறும்பம்மா என்று தங்களுக்குப் பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரில் தங்களுக்கு எவ்வளவு பெருமை என்பதை நாங்கள் அறிவோம்.

இந்த ஆண்டு அரசாங்கம் அக்கொள்கையின் பேரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்க முன்வந்தது. காவிரிக் கரையில் நிலம், ஒரு கூடம், ஐந்தாண்டுக்கு நிதி. ஓய்வுக்குப் பின் தாங்களே அதன் இயக்குநர். தங்கள் மாணவியும் எங்கள் விரிவுரையாளருமான லூர்துராணி, தங்கள் கொள்கையின் மேல் தம் டாக்டர் பட்ட ஆய்வை எழுதி முடிக்கும் நிலையிலிருந்தார். அவரே உதவி இயக்குநர். இதை அறிவிக்கத்தான் மார்ச் மாத நடுவில் நம் கல்லூரி மண்டபத்தில் கருத்தரங்கு கூடியது.

அன்றைய காட்சி எங்கள் கண்ணை விட்டு அகலவில்லை. சென்னையிலிருந்து வேளாண் துறை அதிகாரி வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பின்வரிசையில் படுகை விவசாயிகள். அவர்கள் சார்பில் நன்றி சொல்ல முசிறியிலிருந்து அழகம்மாள் வந்திருந்தார். பந்தல் போட்டுப் பீர்க்கும் புடலும் பயிரிட்டுப் பிழைப்பவர் அவர். தங்களுக்குப் போர்த்த ஒரு சால்வையை மடிமேல் வைத்துக்கொண்டிருந்தார். தாங்கள் எழுந்தீர்கள். வழக்கம்போல் தொண்டையைச் செருமினீர்கள்.

“என் கொள்கையில பாதி தப்பு” என்றீர்கள்.

வேடிக்கை என்று எண்ணிச் சிலர் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. எங்கள் சிரிப்பு அப்படியே உறைந்தது.

பிறகு தாங்கள் சொன்னதை இங்கே சுருக்கி வைக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடையில், இதே அழகம்மாள் கல்லூரிக்கு வந்து தங்களிடம் குறைப்பட்டிருக்கிறார்: “இலையெல்லாம் பச்சைப்பசேல்னு நிக்குதும்மா. ஒரு ஓட்டை கிடையாது. காயி மட்டும் அஞ்சாறு. கொடிக்கு நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் ஒண்ணுமில்ல.” அருகிலிருந்த நாங்கள் தண்ணீர் போதவில்லை என்றோம், வெயில் என்றோம், விதை என்றோம். அன்று இரவு தங்களுக்கு உறக்கம் வரவில்லை என்பதை மண்டபத்தில்தான் அறிந்தோம்.

ஏனென்றால் தங்கள் 1952ஆம் ஆண்டுக் கட்டுரைக்கான கொடிகள் நம் கல்லூரித் தோட்டத்தில் வளர்ந்தவை. அவை பூக்கும் முன்னரே கோடை விடுமுறை வந்தது, கிணறு வற்றியது, கொடிகள் காய்ந்தன. “இலை வரைக்கும்தான் பார்த்தேன். இலை நல்லா இருந்தா காயும் நல்லா இருக்கும்னு நானா எழுதிட்டேன். யாரும் கேட்கல. நானும் என்னைக் கேட்டுக்கல” என்று மண்டபத்தில் சொன்னீர்கள்.

அதன்பின் தாங்கள் செய்ததுதான் எங்களை இன்னும் திகைக்க வைத்தது. கடந்த ஆடிப்பட்டம் தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் “முசிறி மாதா கோயிலுக்குப் போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள். ஓய்வு நெருங்கும் வயதில் பக்தி பெருகிவிட்டது என்று நாங்கள் உருகினோம். எங்களில் பலர் தங்களிடம் வேண்டுதலும் சொல்லி அனுப்பினோம். லூர்துராணி தம் ஆய்வு நல்லபடி முடிய வேண்டுமென்று மெழுகுவத்திகூடக் கொடுத்தனுப்பினார். தாங்கள் சொன்னது பொய்யன்று. போனது கோயிலுக்குத்தான். கோயிலுக்குப் பின்னால், அதற்குச் சொந்தமான கொல்லையில், பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கிய இடத்தில், தாங்களே போட்ட பீர்க்கம்பந்தலுக்கு.

பந்தலில் பாதிக்கு எறும்பை ஏறவிட்டீர்கள். மறுபாதியில், கொடியின் அடித்தண்டிலும் பந்தல் கால்களிலும் துணி சுற்றி, வண்டிச் சக்கரத்துக்குப் போடும் மையைத் தடவி, எறும்பு ஏறாமல் தடுத்தீர்கள். பீர்க்கு பொழுது சாயும்போது பூப்பது. தாங்கள் அந்தப் பொழுதில் பந்தலடியில் உட்கார்ந்து பார்த்தீர்கள். எறும்பில்லாத பாதியில் தேனீயும் கருவண்டும் பூவுக்குப் பூ தாராளமாய்ப் போயின. எறும்புள்ள பாதியில், பூவுக்குள் தலையை நுழைத்த தேனீயின் காலை எறும்பு கவ்வியது. தேனீ உதறிக்கொண்டு பறந்தது, திரும்பவில்லை. இலையைக் காத்த அதே காவலாள், பூவுக்கு வந்த விருந்தாளியையும் விரட்டிவிட்டது. மகரந்தம் சேராத பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தது. எறும்பில்லாத பாதியில் இலைகள் வண்டரித்து ஓட்டையாய்த் தொங்கின. ஆனால் காய் அங்கேதான் காய்த்தது. எறும்புள்ள பாதியில் இலை கண்ணைப் பறித்தது, காய் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம்பாமல் தைப்பட்டத்திலும் போட்டுப் பார்த்தீர்கள். மறுபடியும் அதுவேதான்.

அதிகாரி எழுந்தார். அவர் நல்லவர், தங்களுக்கு நன்மை நாடியே பேசினார்.

“ஒரு தோட்டத்துக் கணக்குதானேம்மா இது? நிலையம் முதல்ல வரட்டும். அங்க உட்கார்ந்து இன்னும் ரெண்டு வருஷம் பார்த்துட்டு அப்புறமா சொல்லலாமே.”

“அந்த ரெண்டு வருஷமும் இவங்களுக்குக் காய் குறையுமுங்க” என்று பின்வரிசையைக் காட்டினீர்கள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அப்போது அழகம்மாள் எழுந்தார். சால்வை அவர் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப எறும்பை என்னங்கம்மா பண்றது? பழையபடி பொடி தூவலாமா?”

“தூவாதீங்க. பொடி போட்டா எறும்போட தேனீயும் செத்துடும். அப்புறம் காயே இருக்காது.”

“சரி, வேற என்ன பண்ணட்டும்?”

“தெரியலீங்க.”

அம்மையீர்! தங்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்குமுன் நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. கூரை விழுந்திருந்தாலும் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டோம். அழகம்மாளும் அதிர்ந்தார். ஆனால் எங்களைப் போல் வாயடைத்து நிற்கவில்லை.

“நீங்க படிச்சவங்க, தெரிஞ்சுதான் சொல்வீங்கன்னு இத்தனை வருஷமா கேட்டோமேம்மா.”

“ஆமாங்க. கேட்டதுனாலதான் உங்களுக்குக் காய் குறைஞ்சது. அது என்னால வந்தது” என்றீர்கள்.

அவர் சால்வையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நடந்தார். அவரோடு படுகைக்காரர் எல்லாரும் எழுந்து போனார்கள். தாங்கள் மேடையில் நின்றபடியே அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எங்களில் ஒருவருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. ஆறுதல் சொல்லவும் தோன்றவில்லை. அந்த அளவுக்குத் திகைத்துப் போயிருந்தோம்.

அன்று மாலை ஆய்வுக்கூடத்தில் நடந்ததை, லூர்துராணியின் சம்மதத்தோடு இங்கே சேர்க்கிறோம். அதைச் சொல்லாமல் விட்டால் இம்மடல் முழுமையாகாது என்றார் அவரே. அவர் அழுதுகொண்டே உள்ளே வந்தாராம்.

“என் ஆராய்ச்சி என்னாகும் மிஸ்? எங்கிட்ட மட்டுமாவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா நீ வேண்டாம்னு தடுத்திருப்பே.”

“தடுத்திருப்பேன்தான்.”

“நானும் நின்னிருப்பேன் லூர்து. எனக்கும் அந்த நிலையம் வேணும்னுதான் இருந்தது. எனக்கு மட்டும் ஆசை இல்லையா?”

இதைக் கேட்டதும் லூர்துராணிக்கு அழுகை நின்றுவிட்டதாம். தாங்கள் அவர் எழுதிய அத்தியாயங்களை மேசைமேல் பரப்பி, ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தீர்கள். “மத்ததெல்லாம் இலையைப் பத்தி எழுதினது. அது நிக்கும், ஒருத்தரும் அசைக்க முடியாது. காயைப் பத்தின இந்த ஒண்ணு நிக்காது. இதை நீயே எடுத்துடு. வேற யாராவது எடுத்தா ரொம்ப வலிக்கும். எனக்குத் தெரியும்.”

அவர் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் புதிய அத்தியாயம் எழுதுவதற்காக, பட்டத்தை இரண்டாண்டு தள்ளிப் போட்டிருக்கிறார். தங்களோடு மூன்று நாள் பேசாமல் இருந்தார் என்பதும், நான்காம் நாள் இருவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டீர்கள் என்பதும் ஆசிரியைகள் அறை முழுவதும் அறிந்த செய்தி.

நிலையம் வரவில்லை. திட்டம் கைவிடப்பட்டதாகச் சென்னையிலிருந்து செய்தி வந்தது. ஐந்தாண்டுப் பதவியும், காவிரிக்கரைக் கூடமும், தங்கள் பெயரால் எழுந்திருக்க வேண்டிய அனைத்தும் அரை மணி நேரப் பேச்சில் போயின. “இந்தம்மாவுக்கு என்ன கேடு, பேசாம இருந்திருக்கலாம்” என்று வெளியே சொன்னவர்களும் உண்டு. உள்ளே நினைத்தவர்களும் உண்டு. தாங்களோ மறுநாள் காலை முதல் வகுப்புக்கு மணி அடிக்கும் முன்பே வந்து நின்றீர்கள். கரும்பலகையில் ஒரு பீர்க்கங்கொடியை வரைந்தீர்கள். எங்கள் மாணவியரிடம், “போன வருஷம் உங்க அக்காங்களுக்கு நான் தப்பா சொல்லிக்கொடுத்தேன். இப்ப சரியா எழுதிக்கோங்க” என்று தொடங்கினீர்கள். நாங்கள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். முப்பது ஆண்டுகள் கற்பித்த ஒருவர் அவ்வளவு இயல்பாக அதைச் சொல்லிவிட முடியும் என்று நாங்கள் நினைத்ததில்லை. எங்களில் எவராலும் முடியுமா என்று இன்றும் தெரியவில்லை.

வாரக் கடைசியில் தாங்கள் முசிறிக்கும் போனீர்கள். இம்முறை மறைக்கவில்லை. பந்தல் பந்தலாய்ப் போய், முன்பு சொன்னதைத் திரும்பப் பெற்றீர்கள். சிலர் மோர் கொடுத்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. அழகம்மாள் வீட்டில் ஆளில்லை என்று பதில் வந்தது. உள்ளே ஆள் இருந்தது என்று கூடப் போன லூர்துராணி சொன்னார்.

இந்த இடத்தில்தான் முதலில் இம்மடலை முடித்திருந்தோம். நேற்று அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

நேற்று முற்பகல் அழகம்மாள் கல்லூரி வாயிலில் வந்து நின்றார். எறும்பம்மா எங்கே என்று காவலாளியிடம் கேட்டார். வந்தவர் முகத்தில் சிரிப்பில்லை. பிரிவு விழா சமயத்தில் வம்பு வேண்டாமே என்று எங்களில் இருவர் ஓடிப்போய், தாங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னோம். உண்மையில் தாங்கள் ஆய்வுக்கூடத்தில் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறோம். ஆனாலும் கோபிக்கவில்லை.

“சரி, வந்தா சொல்லுங்க. ஆடிக்குப் பந்தல் போடுறேன். பாதிப் பந்தல் அவங்களுக்கு விடுறேன், மை தடவட்டும், எறும்பு விடட்டும், என்ன வேணா பண்ணட்டும். எறும்பு இலையில மட்டும் நிக்கணும், பூவுக்குப் போவக்கூடாது, அதுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கச் சொல்லுங்க.”

நாங்கள் தலையாட்டினோம். அவர் இரண்டடி போய்த் திரும்பினார்.

“இன்னொண்ணும் சொல்லிடுங்க. இந்தத் தடவை காயை நானும் எண்ணுவேன்.”

அம்மையீர்! அந்தச் செய்தியை நேற்றே தங்களிடம் சேர்த்திருக்க வேண்டும். இம்மேடையில் அனைவர் முன்னும் சேர்க்க வேண்டுமென்றே இதுவரை அடக்கி வைத்தோம். பொறுத்தருள்க. அரசாங்கம் தர இருந்தது ஐந்தாண்டு. அழகம்மாள் தருவது ஓர் ஆடிப்பட்டம், ஒரு பாதிப் பந்தல், கூடவே தங்களை நம்பாமல் தாமே எண்ணிப் பார்க்கும் இரு கண்கள். தாங்கள் எதைப் பெரிதென்று கொள்வீர்கள் என்பதை, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கள் முகத்திலிருந்தே நாங்கள் இப்போது அறிந்துகொள்வோம்.

ஆய்ந்ததை அஞ்சாது அறிவித்த அம்மையே! ஆடிப்பட்டங்களும் தைப்பட்டங்களும் இன்னும் பலப்பல கண்டு, நோயின்றி, நோவின்றி, நல்ல கண்ணொளியோடும் நடை தளராக் கால்களோடும் நெடுங்காலம் வாழ்வீர்களாக! எல்லாம் வல்ல இறைவன் தங்களுக்கு நிறைந்த ஆயுளையும், தங்கள் பந்தலுக்கு நிறைந்த காயையும் அருள்வாராக! கண்டது தவறென்று தெரிந்தால் அதையும் ஒருநாள் எங்களிடம் வந்து சொல்லுங்கள். அப்போதும் திகைப்போம். ஆனால் இம்முறை போல் வாயடைத்து உட்கார்ந்திருக்க மாட்டோம். எழுந்து நின்று கைதட்டுவோம்.

தங்கள் துணிவைக் கண்டு இன்னும் திகைத்து நிற்கும்,
உடன் பணியாற்றிய ஆசிரியைகள்

திருச்சிராப்பள்ளி
ஏப்ரல் 1964